"நான் செய்து கற்கிற ஆள்": இந்த முத்திரையை நம்பிப் புத்தகத்தை மூடலாமா?

கேள்வி: பதினொரு வருடமாகத் தொழிற்சாலையில் பம்ப், மோட்டார் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மேற்பார்வையாளர் பதவிக்கு எழுத்துத் தேர்வு உண்டு. இரண்டு தடவை எழுதி இரண்டிலும் தவறிவிட்டேன். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, நான் 'செய்து கற்பவர்' என்று சொன்னார்கள். அப்படியானால் புத்தகம் எனக்கு ஆகாது என்றுதானே அர்த்தம்? இன்னொன்றும் உறுத்துகிறது. அனுபவத்தைவிடப் பெரிய ஆசான் இல்லை என்பார்கள். ஆனால் எனக்கு எட்டு வருடம் பின்னால் சேர்ந்த தம்பி ஒருவர், எனக்குத் திரும்பத் திரும்ப வரும் பழுதின் காரணத்தை ஒரே தடவையில் பிடித்துவிடுகிறார். என் பதினொரு வருட அனுபவம் எங்கே போயிற்று?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அந்தக் கேள்வித்தாளுக்கு அப்படி ஒரு அர்த்தம் கிடையாது. இரண்டு தடவை தவறிய வலியோடு அதைப் படித்திருக்கிறீர்கள். அதனால் அது ஒரு தீர்ப்பு போலத் தெரிந்திருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இப்படி ஒரு முத்திரையை வாங்கிக்கொண்டு படிப்பை விட்டு ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நல்ல மூளைக்காரர்கள் நிறையப் பேர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் கொடுத்தது அநேகமாக நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1987-ல் உருவாக்கிய கேள்வித்தாளின் வழியில் வந்ததாக இருக்கும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்று அது நான்கு வகை சொல்கிறது. அதில் வரும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். புதுக் கருவி ஒன்று வந்தால் படம் பார்ப்பீர்களா, யாரிடமாவது கேட்பீர்களா, கையேடு படிப்பீர்களா, எடுத்து இயக்கிப் பார்ப்பீர்களா? இவை எல்லாமே உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கும் கேள்விகள். எந்த வழியில் படித்தால் உங்களுக்கு நன்றாக மனதில் நிற்கும் என்பதை அது அளக்கவே இல்லை. பிடித்ததும் பலன் தருவதும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நேரான வழி உண்டு. 'பார்த்துக் கற்பவர்' கூட்டத்தையும் 'கேட்டுக் கற்பவர்' கூட்டத்தையும் தலா இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அவரவர் வழியிலும் மீதிப் பேருக்கு மாற்று வழியிலும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். பிறகு எல்லாருக்கும் ஒரே தேர்வு. முத்திரை உண்மையானால் அவரவர் வழியில் படித்தவர்கள்தான் முந்த வேண்டும். ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியல் அறிஞர்களும் 2008-ல் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். இந்த முறையில் ஒழுங்காகச் செய்த ஆய்வுகளே கொஞ்சம்தான். அப்படிச் செய்தவற்றிலும் சில, இந்தக் கருத்துக்கு நேர் எதிரான முடிவையே காட்டின. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில் பெரியவர்களில் சிலர் ஒரு நூலின் பகுதிகளைக் காதால் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள். 'எனக்குக் கேட்பதுதான் பிடிக்கும்' என்றவர்கள் கேட்டபோது கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. 'படிப்பதுதான் பிடிக்கும்' என்றவர்கள் படித்தபோதும் அப்படியே. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தும் அதேதான்.

இருந்தாலும் இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2012-ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் கேட்டபோது 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இதை உண்மை என்றார்கள். ஆகவே உங்கள் பயிற்றுநர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவரும் நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

கற்கும் வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கற்கப்படும் பொருள். மோட்டார் ஷாஃப்ட்டையும் பம்ப் ஷாஃப்ட்டையும் நேர்க்கோட்டில் கொண்டுவரும் அலைன்மென்ட் வேலையைப் புத்தகம் படித்து மட்டும் யாராலும் கற்க முடியாது. 'படித்துக் கற்பவர்' என்று முத்திரை வாங்கியவரும் டயல் கேஜ் என்ற அளவுக் கருவியைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். அதேபோல, பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் கேட்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்துபோனதால் தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழி விடுகிறது. அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்தில் போய் நொறுங்கும்போது பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் உலோகத்தை அரிக்கின்றன. இதை யாரோ படம் போட்டு விளக்க வேண்டும், அல்லது எழுத்தில் படிக்க வேண்டும். அந்தச் சத்தத்தை உங்கள் காது எத்தனையோ தடவை கேட்டிருக்கும். காரணத்தைச் சொல்வது புத்தகத்தின் பக்கம். தேர்வு கேட்பது அந்தக் காரணத்தை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் மனதில் அதுதான் பெரிய கேள்வி.

அனுபவத்தால் கற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியியலாளரைத்தான் சொல்வார்கள். ஜான் டூயி, கர்ட் லெவின், ஜான் பியாஜே ஆகிய முன்னோடி அறிஞர்களின் சிந்தனைகளை ஒன்றுசேர்த்து 1984-ல் அவர் ஒரு சுழற்சியை விவரித்தார். முதலில் ஒன்று நடக்கிறது. அப்புறம் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறோம். அதிலிருந்து 'இதனால்தான் இது' என்று ஒரு விளக்கத்துக்கு வருகிறோம். அந்த விளக்கம் சரியா என்று அடுத்த வேலையில் சோதித்துப் பார்க்கிறோம். அந்தச் சோதனை புது அனுபவமாகிச் சுழற்சி தொடர்கிறது. இதை வைத்துக் கோல்பும் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவினைக்கும் நிறைய விமர்சனம் உண்டு, அதை விட்டுவிடலாம். சுழற்சி மட்டும் நமக்குப் போதும். நடந்தது என்பது இதில் நாலில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வேலையில் இது எப்படி அறுபடுகிறது என்று பார்ப்போம். ஒரு பம்பில் பேரிங் போய்விடுகிறது. உற்பத்தி நின்றிருக்கிறது, ஆளுக்கு ஆள் போன் செய்கிறார்கள். நீங்கள் வேகமாக பேரிங்கை மாற்றி, ஓடவிட்டு, எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறீர்கள். நாலு மாதம் கழித்து அதே பேரிங் மறுபடி போகிறது. அந்த நேரம் வேறு ஷிஃப்ட்டில் வேறு ஆள் மாற்றுகிறார். இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கில் அலைன்மென்ட் விலகியிருந்ததோ, தாங்கல் இல்லாத குழாய் பம்பின் உடலை இழுத்துக்கொண்டிருந்ததோ யார் கண்ணிலும் படவில்லை. பேரிங்கை மாற்றும் கை ஒவ்வொரு தடவையும் இன்னும் வேகமாகிறது. பேரிங் ஏன் போகிறது என்ற அறிவு முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இதை உங்கள் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அனுபவம் பாடமாக வேண்டுமானால், செய்ததன் பலன் சீக்கிரமாகவும் தெளிவாகவும் நம்மிடம் திரும்பி வர வேண்டும். வெல்டிங் செய்பவருக்கு அவர் போட்ட தையல் உடனே கண்ணில் படுகிறது. உங்களுக்குப் பலன் மாதங்கள் கழித்து, இன்னொருவர் கைக்குப் போகிறது. முடிவெடுப்பதை ஆராய்ந்த ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர், அனுபவத்துக்குக் கனிவான சூழல், கொடுமையான சூழல் என்று இரண்டு உண்டு என்றார். கொடுமையான சூழலில் அனுபவம் சும்மா இருப்பதில்லை, தவறான பாடத்தையே உறுதிப்படுத்திவிடும். லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்த ஒரு நிகழ்வை அதற்கு எடுத்துக்காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு மருத்துவர் இருந்தார். டைபாய்டு அறிகுறி தெரிவதற்கு முன்பே நோயாளியின் நாக்கைத் தொட்டுப் பார்த்து 'இவருக்கு வரும்' என்று சொல்வார். சொன்னபடியே வரும். பெரிய பெயர். உண்மையில் ஒரு நாக்கிலிருந்து இன்னொரு நாக்குக்குக் கழுவாத கையோடு போய்க் கிருமியைப் பரப்பியவரே அவர்தான். ஒவ்வொரு நோயாளியும் அவருடைய திறமைக்குச் சான்றாக அவருக்குத் தெரிந்தார். இன்னும் இருபது வருட அனுபவம் கூடியிருந்தாலும் அவர் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஏனென்றால் அவருடைய கணிப்பு பொய்யாக வாய்ப்பே இல்லை.

அந்தத் தம்பி என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. பம்பைத் திறக்கும் முன்பே மனதுக்குள் 'இதுவாகத்தான் இருக்கும்' என்று ஒரு கணிப்பை அவர் வைத்திருப்பார். திறந்ததும் கணிப்பு பலித்ததா என்று பார்ப்பார். பலிக்காவிட்டால் அது அவரை உறுத்தும். வேலைக்கு நடுவில் சுழற்சியின் மற்ற மூன்று பங்கும் அவருக்கு ஓடிவிடுகிறது. அவரிடம் போய்ப் பேசுங்கள். 'என்ன செய்தாய்?' என்று கேட்டால் 'பேரிங்கை மாற்றினேன்' என்பார். 'கிட்டே போனதும் முதலில் எதைப் பார்த்தாய், மனதில் என்ன ஓடியது?' என்று கேளுங்கள். வயதில் சிறியவரிடம் இப்படிக் கேட்பது முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும். கேட்டு முடிக்கும்போது அவரும் உங்களிடம் கேட்க நாலு விஷயம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நீங்களாகச் செய்ய வேண்டியது ஒன்று. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் தேதி, இயந்திரத்தின் எண், 'காரணம் இதுவாக இருக்கும்' என்று ஒரு வரி. வேலை முடிந்ததும் உண்மையில் கண்டது இன்னொரு வரி. கணிப்பைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். திறந்த பிறகு எழுதினால் மனம் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்லிவிடும், அப்போது நோட்டால் பயன் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நோட்டைத் தேதி வரிசையில் படிக்காமல் இயந்திரத்தின் எண் வாரியாகப் புரட்டுங்கள். ஒரே பம்ப் அடிக்கடி வருகிறதா? மற்ற ஷிஃப்ட்டில் அதற்கு என்ன செய்தார்கள் என்று பதிவேட்டிலும் பாருங்கள். நாலு மாத இடைவெளியில் சிதறிக்கிடந்த சம்பவங்கள் அப்போதுதான் ஒரே பக்கத்தில் வந்து சேரும்.

இப்போது தேர்வு. அனுபவத்திலிருந்து தொடங்குவது உங்கள் பலம், அதை விடாதீர்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதை மட்டும் விடுங்கள். அந்த வாரம் நீங்கள் பார்த்த ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, அதை விளக்கும் பக்கத்தைத் தேடிப் போங்கள். பதிலைத் தேடிக்கொண்டு வருபவருக்கு இரண்டு பக்கம் என்பது ஒன்றுமே இல்லை.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அல்லது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திக்கித் திணறும். திணற வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நீங்கள் முன்பு படித்த விதத்தை நினைத்துப் பாருங்கள். கோடு போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்திருந்தால், தேர்வு அறையில் எல்லாம் கழன்றுபோனதில் ஆச்சரியம் இல்லை. உங்களை ஏமாற்றியது படித்த முறை.

இந்தத் திணறலைப் பார்த்து 'எனக்கு ஏறவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நல்ல விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் அதிகம் வாங்கியவர்கள் மல்லுக்கட்டியவர்கள்.

கணக்குப் பகுதிக்கு மட்டும் வேறு வழி. செய்து கற்பவர் என்று நினைத்துக்கொண்டு நேராகக் கணக்கில் இறங்காதீர்கள். பம்பைக் கழற்றுவதில் நீங்கள் கைதேர்ந்தவர், சூத்திரத்தில் நீங்கள் புதியவர். புதியவர்களை வழிகாட்டாமல் 'நீயே கண்டுபிடி' என்று விட்டால் சரியாக வராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் 2006-ல் அழுத்தமாக எழுதினார்கள். இந்த இடத்தில் அவர்கள் சொல்வதே சரி என்பது என் கருத்து. முதலில் முழுதாகச் செய்துகாட்டிய கணக்கைப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன்?' என்று உங்களுக்கே விளக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, அதே மாதிரிக் கணக்கில் கடைசி வரியை மறைத்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் கடைசி இரண்டு வரி. கடைசியில் முழுதாக.

ஒரு கணக்கை இங்கேயே பார்ப்போம். நொடிக்கு 10 லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு திறன் வேண்டும்? நொடிக்கு 10 லிட்டர் என்றால் 10 கிலோ தண்ணீர். அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81 ஆலும், உயரம் 20 ஆலும் பெருக்கினால் 1962 வாட், அதாவது கிட்டத்தட்ட 2 கிலோவாட். பம்பின் செயல்திறன் 65 சதவீதம் என்றால் 0.65 ஆல் வகுக்க வேண்டும். ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 3 கிலோவாட் கொடுக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். இதை முடித்துவிட்டு நாளைக்கு வேலையில் ஒரு பம்பின் முன் நின்று, அதன் பெயர்ப்பலகையில் உள்ள நீரின் அளவையும் உயரத்தையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பலகையில் போட்டிருக்கும் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே விடை வரும். மோட்டாரை ஏன் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி உங்களுக்குத் தானாக எழும், அதற்கு விடை தேடிப் புத்தகத்துக்குத் திரும்புவீர்கள். கையும் புத்தகமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிற இந்த ஓட்டத்தைத்தான் உங்களுக்கு நான் விரும்புகிறேன்.

ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்கார வேண்டாம். அரை மணி அரை மணியாகப் பல நாளுக்குப் பிரியுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படிக்கவே படிக்காதீர்கள், தூங்குங்கள். கடைசி சில வாரங்களில் பாடங்களைக் கலந்து போட்டுப் பழகுங்கள். இது எந்தப் பாடத்துக் கணக்கு என்று தேர்வுத்தாள் சொல்லித்தராது.

கடைசியாக, உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை என்கிறீர்களே, என்ன நடக்கிறது? சலிப்பும் தூக்கமும்தான் வருகிறதென்றால் மேலே சொன்னது போதும். எழுத்து மங்குகிறது, தலை வலிக்கிறது என்றால் முதலில் கண் பரிசோதனைக்குப் போங்கள். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் இடம் மாறுவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்வது, மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் ஆவது என்று இருந்தால் அது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் கற்கும் பாணிக்கும் சம்பந்தமில்லை, புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. பெரியவர்களிலும் அது இருக்கிறதா என்று உளவியல் வல்லுநர் சோதித்துச் சொல்ல முடியும். இருந்தால், தேர்வில் கூடுதல் நேரமோ கேள்வியைப் படித்துக்காட்ட ஒரு ஆளோ தருவார்களா என்று தேர்வை நடத்துபவர்களிடம் விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இதில் எது உங்கள் நிலைமை என்று எனக்கு எழுதினால் அதற்கேற்ற படிப்புத் திட்டத்தை அடுத்த பதிலில் தருகிறேன்.